மோசஸோட பை

அன்புள்ள ஹசீனாவுக்கு கபீர் எழுதறது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால மஸ்கட்ல நான் சுகம். அம்மாவுக்கு முட்டி வலி குறைஞ்சிதா? கூனிமேட்டுல மழை விட்டுச்சா? போன்ல சொன்னா அம்மா காதுல விழும்னுதான், லீவுல வர்ற தாஹாகிட்ட இதைக் குடுத்தனுப்பறேன்.

பயப்படாதே, பெரிய விஷயமில்ல. போன வெள்ளிக்கிழமை என் ரூம்ல இருந்த உகாண்டாக்காரன் மோசஸோட ஒரு இங்கிலீஷ் போலீஸ் படத்துக்குப் போனேன். கோரைப்பல்லு பூதங்களும் மனுஷங்களும் ஒரே ஊர்ல இருக்காங்க. எங்க திருட்டு நடந்தாலும் பூதத்தைத்தான் பிடிக்கறாங்க. ஒரு பூதம் போலீஸாகுது, அதோட யாரும் உக்காந்து சாப்பிட மாட்டேங்கறாங்க. படம் எடுத்தவன் நல்லாத்தான் ஆரம்பிச்சான், அப்புறம் பூரா துப்பாக்கிச் சத்தம்தான்.

"எங்கள மாதிரி ஆளுங்களைக் காட்ட இவங்களுக்குப் பல்லு ஒட்டணுமா?"ன்னு மோசஸ் சிரிச்சான்.

வெளிய வர்றப்போ செக்யூரிட்டி அவன் பையை மட்டும் திறக்கச் சொன்னான். "நீ இவன்கூட வந்தியா?"ன்னு என்னைக் கேட்டான். நான் "இல்ல"ன்னுட்டேன், ஹசீனா. பையில தண்ணி பாட்டிலும், எனக்காக அவன் வாங்கியிருந்த தலைவலித் தைலமும்தான் இருந்துது.

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல கபீர்"னான். மறுநாளே வேற ரூமுக்குப் போயிட்டான். இப்போ தனியாத்தான் சாப்பிடறேன்.

தாஹா திரும்பறப்போ நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கூடுதலா குடுத்தனுப்பு. மோசஸுக்குக் குடுக்கணும். அவன் கதவைத் தட்ட எனக்கு ஒரு காரணம் வேணும்.

வண்டி வந்துடுச்சு, தாஹா கூப்பிடறான்.

உன் கபீர்