ஊஞ்சலுக்கு எவ்வளவு உயரம்?

ஏங்க, மீன் குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிடுங்கள்.

பூங்காவில் வரப்போகிற குழந்தைகள் விளையாட்டுத் திடலுக்கு யோசனை கேட்டு நேற்று ஊரைக் கூட்டினார்களே, கோலமாவைக் கொடுத்து வேண்டியதைத் தரையில் வரையச் சொன்னார்கள். எதிர்வீட்டு இன்னாசியம்மாள் வரைந்தது நாலு பெஞ்சு. யார் யாரோடு வருகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா! வம்பில் என்னையே மிஞ்சிவிட்டாள்.

நான் ஊஞ்சல் வரைந்தேன். "ஒங்க பேத்தி எம்புட்டு ஒசரம்மா?" என்றாள் திடல் கட்டுகிற இன்ஜினியர் பெண். மற்ற பாட்டிகள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இடுப்பருகே கை வைத்துக் காட்டினார்கள். நான் போனில் முகத்தை மட்டுந்தானே பார்த்திருக்கிறேன்? என் கை அந்தரத்தில் நின்றது.

சாயங்காலத்துக்குள் உயரம் சொல்ல வேண்டும். செம்மலுக்கு நீங்களே போன் போடுங்கள். பேத்தியின் ஞானஸ்நானத்தைச் சிங்கப்பூரிலேயே முடித்துவிட்டான் என்று நீங்கள் மகனோடு பேசாமல் இருக்கிற மூன்று வருஷத்தில் பிள்ளை வளர்ந்துவிட்டாள். வீம்பு தடுத்தால், பூங்காக்காரர்கள் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

நான் கேட்டால் உயரத்தைத்தான் சொல்வான். நீங்கள் கேட்டால் பிள்ளையையே கூட்டிக்கொண்டு வருவான்.

பி.கு: இன்னாசியம்மாள் வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறேன். பேசி முடித்ததும் வாசலுக்கு வந்து, எவ்வளவு உயரமென்று கையால் காட்டுங்கள்.