அம்பு ஒட்டிய பக்கம்

செவ்வாய்க்கிழமை

குட்டிம்மா, எழுத்துக் கூட்டிக் கூட்டி, உன் மலைக் கதையில் நீ நிறுத்திய பக்கத்துக்கு வந்துவிட்டேன். பனியன் துணியில் ஓட்டை இருக்கும் இடத்தைக் காட்ட எங்கள் கம்பெனி செக்கிங்கில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அங்கே ஒட்டி வைத்திருக்கிறாய். கதையில் வரும் ஐந்து பிள்ளைகளும் பனிமலையில் ஒரே கயிற்றில் தொங்குகிறார்கள்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து டேபிள் சரசு புத்தகத்தைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள்.

"யாரு பொழைக்கறாங்கன்னு சொல்லட்டுங்களாக்கா?"

"வேண்டாம் புள்ள. அது தெரியாமயே எம்மவ போயிட்டா."

சரசு அட்டையைத் துடைத்துப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில், "கண்ணைக் கெடுத்துக்காத, ஊட்டுக்குப் போயிப் படிச்சுக்கலாம்" என்று புத்தகத்தை மூடி வைத்தது நான்தான்.

இப்போது ஸ்டிக்கரில் நகத்தை வைத்தேன். உரிக்க மனசு வரவில்லை. நீ பார்க்காத பக்கத்தை நான் திருப்பட்டுமா, கண்ணு?