புளி போட்டுத் தேய்த்த ஒரு சென்

இன்று வெள்ளிக்கிழமை. விளக்குத் தேய்க்கப் புளியைக் கரைத்தேன். அந்த வாசனை விரலில் ஏறியதும், நீ அடுப்படியில் இருக்கிறாய் என்றே ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து பத்து வருடமாகியும் நம் சட்டைப்பையில் இங்கிலாந்து ராணியின் தலைதான் கிடந்தது. அறுபத்தேழில் ஒரு நாள் காஜா பேராங் தெருவில் பாய் கடையில் மீதிச் சில்லறை வாங்கினேன். ராணியைக் காணோம். நாடாளுமன்றக் கட்டடம், பிறை, நட்சத்திரம். புதுக் காசு வரப்போவதைப் பத்திரிகையில் படித்திருந்தேன்தான். ஆனாலும் ஒரு மிட்டாய் வாங்கும் அந்த ஒரு சென் செம்புத் துண்டில் ஒரு நாடே அடங்கியிருப்பதைப் பார்த்தபோது அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

அதன்பின் கீறல் விழாத காசாகத் தேடினேன். ஒரு சென் முதல் ஐம்பது சென் வரை ஒவ்வொன்றையும் மெல்லிய தாளில் தனித்தனியே மடித்து வைத்தேன். விளிம்பை மட்டுமே பிடிப்பேன். “என்ன சார், காசுக்கும் பொண்ணு பாக்குறீங்களா? இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்களே!” என்பார் பாய். வேறு சமயமாக இருந்தால் நீயும் சேர்ந்து சிரித்திருப்பாய்.

அப்போது நீ சிரிக்கும் நிலையில் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த உனக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டை. குடியுரிமை நேர்காணலுக்காக மாநிலங்களின் பெயர்களையெல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்ய வைத்தேன். அதிகாரியைப் பார்த்ததும் உனக்கு வாய் அடைத்துப்போனது. இன்னொரு முறை வரச் சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் பஸ்ஸில் கேட்டாய்: “மறுபடியும் வாய் அடைச்சுக்கிட்டா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களாங்க?” மாட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். நானோ, “சட்டத்தைப் பார்த்துச் சொல்றேன்” என்றேன்.

இரண்டாம் நேர்காணலுக்கு முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்தேன். விளக்கின் முன் என் காசுகள் வரிசையாக மின்னின. எல்லாவற்றிலும் குங்குமம். ஒரு சென்னின் பழுப்பு போய், பிறந்த குழந்தைபோல் சிவந்திருந்தது. காசு சேர்ப்பவன் காசைக் கழுவவே மாட்டான். கழுவினால் அதன் மதிப்பே போய்விடும்.

“புளி போட்டுத் தேச்சேங்க. சாமிகிட்ட வைக்கிறதை அழுக்கா வைக்கலாமா?” என்றாய். “இதுல ராணி இல்லையே, வீடுல்ல இருக்கு!”

“யார் வீடு?” என்றேன்.

“அது நாளைக்குத்தான் தெரியும்.”

மறுநாள் நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். உன் மூடிய கையில் என்ன என்று அதிகாரி மலாயில் கேட்டார். விரித்தாய். “சத்து சென், துவான்” என்றாய். ஒரு சென், ஐயா. உள்ளங்கையெல்லாம் குங்குமம். ஏன் சிவப்பு என்றார். மீன்காரரிடம் பேரம் பேசும் அதே சந்தைப் பேச்சில், பாசார் மலாயில், நீ சொல்லிக்கொண்டே போனாய்: கழுவினேன், கும்பிட்டேன், இதில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில்தான் நான் இருக்க வேண்டும். வரிசையும் இல்லை, மனப்பாடமும் இல்லை. அதிகாரி அந்தக் காசை எடுத்துப் பார்த்தார். பிறகு, குங்குமம் கலையாமல் விளிம்பைப் பிடித்து உன் கையில் திரும்ப வைத்தார்.

குடியுரிமைக்கான நீல ஐசி வந்த அன்று நீ அதையும் விளக்கின் முன் வைத்தாய். நல்லவேளை, தேய்க்கவில்லை.

நீ போனபின் புக்கிட் பாருவிலிருந்து நாணயம் சேர்க்கும் நண்பர் ஒருவர் வந்து காசுகளைப் பார்த்தார். “கழுவிட்டாங்களே சார், பாழாப்போச்சே!” என்றார். “ஆமா” என்றேன். ஒவ்வொன்றையும் மறுபடி தாளில் மடித்து வைத்தேன்.

இத்தனை வருடத்தில் அந்த ஒரு சென் மறுபடியும் பழுப்பேறியிருந்தது. இன்று விளக்குத் தேய்த்ததுபோகக் கொஞ்சம் புளி மீந்தது. தாளைப் பிரித்தேன். விளிம்பைப் பிடிக்கவில்லை, கட்டைவிரலை வைத்தே தேய்த்தேன். நீ எவ்வளவு அழுத்தித் தேய்ப்பாய் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே. அதிகமாகத் தேய்த்துவிட்டேனோ என்று இப்போதும் சந்தேகம்தான். குங்குமம் வைக்குமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

வீடு நன்றாகத் தெரிகிறது.