உன் பெயரில் இருக்கும் என் வரி

அந்த வரி என்னுடையது என்று அன்று நான் சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை படித்தார். இரண்டு முறையும் நான் கையிலிருந்த சாக்கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நம் பள்ளிக்கூடத்துக்குப் புது வேதாகமங்கள் வந்தன. சீமையிலிருந்து வந்த பெட்டி. மூடியைத் திறந்ததும் தோல் வாசனை, அதற்குள் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் மெல்லிய வாசனை. உன் அப்பா வேலை முடிந்து வந்து கொடியில் போடும் துண்டில் அடிக்குமே, அதே வாசனை. மற்ற டீச்சர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

ஆம்பூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாம் இருவரும் ஒரே நாளில் டீச்சர்களாகச் சேர்ந்தோம். நான் சபையில் வேதம் போதிக்கும் உபதேசியார் மகள். உன் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்பவர். வாரத்தில் ஐந்து நாள் நமக்கு ஒரே மேசை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முதல் பெஞ்சு; உனக்கும் உன் வீட்டாருக்கும் கடைசித் தூணுக்குப் பின்னால் பாய். அந்தப் பாயைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். திங்கட்கிழமை நீ பேசுவாய்.

"இன்னா முதல் பெஞ்சு, நேத்து பிரசங்கம் நல்லா காதுல வுழுந்துச்சா? எங்களுக்குத் தூண்தான் தெரிஞ்சிது."

நான் சிரிப்பேன். வேறென்ன செய்வதென்று தெரியாத சிரிப்பு.

ஒரு நாள் சாயங்காலம் பாலாற்று மணலில் உட்கார்ந்திருந்தோம். உன் அப்பா உன்னை அழைத்துப்போக வந்தார். எனக்கு வேர்க்கடலை கொடுக்கக் கை நீட்டினார். சுண்ணாம்பு தின்ற நகங்கள், பட்டைச் சாயம் ஏறிப்போன விரல்கள். அவர் கொஞ்சம் தள்ளிப் போனதும், பெஞ்சுக்காரர்களைப் பார்த்துப் பேசுவதுபோல் நான் சொன்னேன்: "வேதத்தின் தோலட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்கள், அதைப் பதனிட்ட கையைக் கண்டால் விலகி உட்காருகிறீர்கள்."

நீ திரும்பச் சொல்லச் சொன்னாய். சொன்னேன். வரி நன்றாக அமைந்துவிட்டது என்ற பெருமை அன்று இரவெல்லாம் எனக்கு இருந்தது. உன் அப்பாவின் நகங்கள் நினைவில் இல்லை. இதையும் எழுதத்தான் வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து நீ ஒரு துண்டறிக்கை அச்சடித்து, ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களுக்குக் கொடுத்தாய். பாயைப் பற்றியது. கிறிஸ்துவே வந்தாலும் எந்த வேலை செய்கிறவர் என்று கேட்டுத்தான் இடம் காட்டுவீர்கள் என்று எழுதியிருந்தாய். கடைசியில் என் வரி. அதன் கீழே உன் பெயர்.

மதத்தைப் பழிக்கிறவர்களுக்கென்று புதுச் சட்டம் வந்திருந்த சமயம். ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரை இழிவு செய்து கலகம் மூளாமல் இருக்க என்று பத்திரிகைகள் எழுதின. சொந்தக் கோயிலில் பாயில் உட்கார்ந்தவள் வாய் திறந்தால் அதற்கும் இது உதவும் என்று எதிலும் இல்லை. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு எழுதினால்தான் குற்றம் என்று நான் உனக்குப் படித்துச் சொல்லியிருந்தேன்.

"உள்ளதைச் சொல்றது கெட்ட எண்ணமா?" என்றாய்.

சீமையிலேயே இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்றேன்.

"பேச்சுரிமைன்னு பக்கம் பக்கமா எழுதறாங்களே, அவங்க கிட்டயுமா?"

"அவங்க கிட்டயும்தான்."

"அப்போ சட்டத்தையும் வாங்கியாச்சு, இனி அங்கேருந்து நாம வாங்கறதுக்குத் தோலட்டைதான் பாக்கி" என்றாய். உனக்கும் வரிகள் வரும். ஆனால் நீ அவற்றைப் பேச்சோடு உதறிவிடுவாய். நான்தான் சேர்த்து வைத்திருந்தேன், உன்னுடையவற்றையும்.

கோயில் நிர்வாகம் பார்க்கும் மூப்பர் போலீசில் எழுதிக் கொடுத்தார். சப்-இன்ஸ்பெக்டர் பள்ளிக்கூடத்துக்கே வந்தார். மூப்பரும் கூட வந்திருந்தார். ஒரே மேசைக்காரி என்று என்னையும் கூப்பிட்டார்கள்.

"கோயில்ல எல்லார் மனசும் புண்பட்டுப்போச்சுங்க" என்றார் மூப்பர்.

"எந்த எல்லார்?" என்றாய். "பெஞ்சுல உக்காந்தவங்களா, பாயில உக்காந்தவங்களா? பாயில யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. நேத்து கூட நல்லாத்தான் சாப்புட்டாங்க."

சப்-இன்ஸ்பெக்டருக்கு மீசைக்குள் சிரிப்பு வந்தது. துண்டறிக்கையைப் பிரித்துக் கடைசி வரிக்கு வந்தார். படித்தார். மறுபடியும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கியேம்மா. அதான் பேஜாரு. சுமாரா எழுதியிருந்தா வுட்டுட்டுப் போயிருப்பேன்."

என் எழுத்துக்கு இந்த உலகத்தில் கிடைத்த முதல் பாராட்டு அது. உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"இந்த வரி மட்டும் வேற மாதிரி இருக்குதே. யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?"

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்கப்பா கை, சார்" என்றாய். "வேற யார் எழுதுவாங்க?"

பயந்துதான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். பயமும் இருந்தது, அப்பாவின் உபதேசியார் வேலை போயிருக்கும். ஆனால் வாய் வரைக்கும் வந்த வார்த்தையைப் பயம் நிறுத்தவில்லை. உன் தண்டனையில் பங்கு கேட்பதற்காக அது வரவில்லை. அந்தப் பாராட்டில் பங்கு கேட்க வந்தது. அது எனக்கே தெரிந்துவிட்டதால் விழுங்கினேன்.

மேலிடத்து அனுமதி வாங்கி வழக்குப் போட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் உனக்குக் கடிதம் எழுதினார்கள். வாலாஜாபேட்டையிலிருந்து ஒருவர் எழுதியதை நீ எனக்குப் படித்துக் காட்டினாய். அந்தக் கடைசி வரியைத் தன் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பதாக எழுதியிருந்தார். படித்து முடித்துக் கடிதத்தை மடித்தாய். அப்போதாவது என்னைப் பார்ப்பாய் என்று காத்திருந்தேன். நீ விளக்குத் திரியை ஏற்றிவிட்டு எழுந்து போனாய்.

என்னைக் காப்பாற்றினாயா, அல்லது வரியை எடுத்துக்கொண்டாயா? நீ சிறைக்குப் போகும் முன்பு இதைக் கேட்டிருக்கலாம். திரும்பி வந்த பிறகும் பாலாற்று மணலில் ஒரு முழுச் சாயங்காலம் கிடைத்தது. "இன்னா முதல் பெஞ்சு, இப்போ இன்னா படிக்கற?" என்றாய். நான் ஏதோ ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னேன்.

சட்டம் எண்ணத்தைத்தான் கேட்கிறது. அதை நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். மணலில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது, நீ மெச்சவேண்டும் என்பதைத் தவிர எனக்கு எந்த எண்ணமும் இல்லை. பாயை எடுக்கவேண்டும் என்ற எண்ணம் உனக்கு இருந்தது. அப்படியானால் அந்த வரியை எழுதியது நீதான் என்று ஒரு நீதிபதியைப் போல எனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறேன். மறுநாள் காலையில் தீர்ப்பு நிற்பதில்லை. உன் மேல் இருந்த பொறாமை நீ போன பிறகும் போகவில்லை. உன் குரலை விட அதுதான் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். நீ கொடுக்கவில்லை. வேலூர்ச் சிறையில் மூன்று மாதம் இருந்தாய். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலத்தில் விஷக் காய்ச்சல் வந்து இறந்துபோனாய். கோயிலில் பாயை எடுத்துவிட்டு ஒரு பெஞ்சு போட்டார்கள், அதே தூணுக்குப் பின்னால். கல்லறைத் தோட்டத்திலும் உனக்குச் சுவரோரம்தான் இடம் கொடுத்தார்கள். உன் அப்பா என் வீட்டு வாசலில் நின்று, "உன் எழுத்து அழகா இருக்கும்னு சொல்லுவா. கல்லு வெட்றவருக்கு அவளோட அந்த வரிய எழுதிக் குடும்மா" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே உன் பெயரை எழுதினேன்.