ஓடைக்குக் கட்டிய இருபத்தேழு சாரம்

அலுவிகாரை,
ஜனவரி 14, புதன்.

அன்பு மகள் அம்றா,

அல்லாஹ்வின் சாந்தியும் அருளும் உன் மீதும், அந்த டொரொன்டோ பனிக்குள் நீ இருக்கும் சின்ன அறை மீதும் நிறையட்டும். இங்கே நாங்கள் சுகம். வாப்பாவுக்கு மட்டும் தடிமன், தும்மிக்கொண்டே இருக்கிறார், அதன் காரணத்தையும் சொல்கிறேன். ஊர் வட்ஸ்அப் குழுவில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "வாப்பா ஏன் தோடம்பழப் படம் போட்ட மேசை விரிப்பக் கட்டிக்கிட்டு ஓடைக்குள்ள நிக்கிறாரு?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துச் சிரித்து வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுவதையும் வாசி.

நவம்பர் புயலில் மேலே மலை சரிந்தது உனக்குத் தெரியும். அந்தக் கல்லும் மரமும் நம் ஓடையை அடைத்து, தண்ணீர் திசை திரும்பி, பக்கத்து வீட்டு ஜஸ்லாவின் குசினிச் சுவரை அரிக்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு பெரிய மழை வந்தால் வீடே போய்விடும். ஞாயிறு பின்னேரம் கனத்த மழை என்று ரேடியோவில் சொன்னார்கள், அதற்குள் ஓடையைத் துப்புரவாக்கிக் கரையைக் கட்டிவிட வேண்டும் என்று வியாழக்கிழமை காலையில் அரசாங்கத்தில் இருந்து மண் தோண்டுகிற ஒரு பெக்கோ மெசினை அனுப்பினார்கள். ஓட்டி வந்தவர் பஸ்லி, தம்புள்ளைப் பக்கத்து ஆள், நல்ல மனிதர்தான், ஆனால் சரியான அவசரக்காரர். வந்த கையோடு மெசினை நேரே ஓடைக்குள் இறக்கிவிட்டார். நம் அறுபத்துமூன்று வீட்டுக்கும் குடிதண்ணீர் எடுக்கிற பைப் இருநூறு யார் தூரம் கீழே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

வாப்பா அந்நேரம் தலையில் சவர்க்காரத்தோடு குளியலறையில் இருந்தார். வெளியே வந்தபோது வெள்ளைத் தாடி மருதாணி போட்டது மாதிரிச் சிவந்திருந்தது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு குசினிக் குழாயைத் திறந்தால் தேயிலை போடாமலே பிளேன்டீ வருகிறது, என் சிரிப்பு அத்தோடு நின்றது. புயலுக்குப் பிறகு இதே கலங்கல் தண்ணீரால்தான் ஜஸ்லாவின் ஏழு மாதப் பிள்ளை வயிற்றோட்டத்தில் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தண்ணீர் தெளிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

வாப்பா தலையைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய் மெசினுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் கலங்காது என்று எழுத்தில் உறுதி தரும்வரை அசைய மாட்டேன் என்றார். பஸ்லி அவரை மேலும் கீழும் பார்த்தார், எஞ்சினை நிறுத்தினார், சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கினார். காலை ஒன்பது மணிக்கு! அதற்குள் ஊர் இரண்டாகிவிட்டது, நிறுத்து என்று பாதி, தோண்டு என்று பாதி. ஜஸ்லாதான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, "எனக்கு வீடும் வேணும், புள்ளைக்குத் தண்ணியும் வேணும். நிப்பாட்டவும் வாணாம், கலக்கவும் வாணாம். வழியச் சொல்லுங்க" என்றாள். அந்த வழிதான் யாருக்கும் தெரியாது.

வழியோடு வந்தவள் விதுஷா. எல்கடுவத் தோட்டத்துப் பிள்ளை, இந்த வேலையைப் பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்க முதலே ஏச்சு. மெசினைக் கரைக்கு ஏற்றச் சொன்னாள், குடிதண்ணீர்ப் பைப்பை அடைக்க வைத்தாள், டீசல் பெரலை ரோட்டுக்கு அப்பால் தள்ள வைத்தாள். பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினாள். மேலே மணல் மூட்டை அடுக்கி, ஓடைத் தண்ணீரைப் பெரிய குழாய் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்க் கீழே விட்டால், நடுவில் காய்ந்த இடத்தில் மெசின் வேலை செய்யலாம், நல்ல தண்ணீர் சேற்றைத் தொடவே தொடாது. தோண்டும்போது கசிகிற கலங்கலைக் கீழே துணித் திரை கட்டித் தேக்கினால் சேறு அடியில் படிந்துவிடும். குழாய் லொறியில் வந்துகொண்டிருக்கிறது, அதற்கென்று இருக்கிற திரைத் துணிதான் திங்களுக்கு முன்னால் வராதாம். "தடிச்ச துணி, நெறைய, இன்னைக்கே வேணுங்க" என்றாள். எனக்கு உடனே மனதில் பட்டது ஆண்கள் இடுப்பில் கட்டுகிற சாரம்.

மகள், ஊரில் ஒரு பெண்ணும் மறுக்கவில்லை. ஒவ்வொருத்தியும் எத்தனையோ வருடமாய் எறியக் காத்திருந்த சாரத்தைப் புருஷன்மார் பார்க்காத நேரத்தில் உருவிக்கொண்டு வந்தாள். சாயம் கரைந்தால் அது வேறு கரைச்சல் என்று விதுஷா ஒவ்வொன்றையும் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். வாப்பா பெருநாளுக்கு வாங்கிய ஊதாச் சாரத்தை, "இது ஒரிஜினல், உசிர் போனாலும் கலர் போகாது" என்று தானே கொண்டுவந்து கொடுத்தார். வாளி கத்தரிக்காய் நிறமாகிவிட்டது. கடைசியில் தேறியது இருபத்தாறு. ஜஸ்லாவின் விறாந்தையில் என் தையல் மெசினை வைத்து, மூன்று மடிப்பாக அவ்வளவையும் தைத்து முடித்தேன்.

பின்னேரம் குழாயைப் பூட்டி, தடி நட்டுத் திரையையும் கட்டினோம். ஆண்கள் கரையில் நின்று, "அது என்ட சாரம்ல!" என்று ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தபோது ஓரத்தில் ஒரு தடி சரிந்து, திரை விலகி, காலையில் தேங்கிய கலங்கல் பாயத் தொடங்கியது. "இன்னொரு துண்டு, சீக்கிரம்!" என்று விதுஷா கத்தினாள். வாப்பா குதித்தார். கட்டியிருந்த பழைய சாரத்தை அவிழ்த்து இடைவெளியை அடைத்து, தடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உள்ளே அரைக் காற்சட்டை இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். நான்தான் ஜஸ்லாவின் மேசை விரிப்பை எடுத்து எறிந்தேன். படம் எடுத்தது யார் என்று இன்னும் விசாரணை நடக்கிறது. ஆனால் மகள், அந்த இடத்தில் மணல் மூட்டை அடுக்கி முடியும்வரை முக்கால் மணித்தியாலம் அந்தக் குளிர் தண்ணீரில் அவர் கையை விடவில்லை. உதடு நீலமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்று நாள் வேலை நடந்தது. ஞாயிறு பகல் பஸ்லி கடைசிக் கல்லையும் வைத்தார். மெசினை ஓடையில் கழுவாமல் ரோட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினார், யாரும் சொல்லாமலே. விதுஷா வேலை நடந்த இடத்துக்கு மேலே ஒரு போத்தல், கீழே ஒரு போத்தல் தண்ணீர் பிடித்து மதிலில் வைத்தாள். எது எது என்று வாப்பாவும் பஸ்லியும் சண்டையே பிடித்தார்கள், அவ்வளவு ஒரே மாதிரி இருந்தது. அன்று பின்னேரம் மழை கொட்டியது, கரை அசையவில்லை, ஜஸ்லாவின் சுவரும் நிற்கிறது. சுகாதாரப் பரிசோதகர், நம் பீ.எச்.ஐ., தண்ணீர் மாதிரி எடுத்துப் போயிருக்கிறார், முடிவு வரும்வரை கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

இன்று காலையில் விதுஷா போன் செய்தாள். நாளைக்கு எல்கடுவப் பக்கம் இன்னோர் ஓடையில் மெசின் இறங்குகிறதாம், அங்கே தோட்டத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தானாம். வாப்பா தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். அவள் கேட்டது, "ஆன்ட்டி, தையல் மெசினத் தூக்கிக்கிட்டு வர முடியுங்களா?" என்று. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக என்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் மகள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் நல்ல மனிதர்களையும் தரட்டும். நாளைக்குப் பகலில் எனக்குப் போன் எடுக்காதே, நான் வேலையில் இருப்பேன்.

உன் உம்மா,
மஸீஹா ஜைனுதீன்