திரையில் ஓடிய எண்ணிக்கை

12.8.1998, புதன், தளேகாவ்

உதிரிபாகப் பட்டியலைச் சரிபார்க்கும் என் புரோகிராம் மூன்று மணி நேரம் ஓடும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. நடுவில் நின்றுபோனால் பழி தன்மேல் விழுமென்று ஆபரேட்டர் சுனந்தா இருக்கையை விட்டு எழவே மாட்டாள். எத்தனை வரி முடிந்தது என்று காட்டும்படி இன்று மாற்றினேன். பாதி தாண்டியதும் நிம்மதியாகச் சாய் குடிக்கப் போனாள். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"எவ்வளவு பாக்கின்னு தெரிஞ்சா யாரும்மா சீட்ல உக்காருவா? அதை எடுத்துடு."

எடுத்தேன். மதியம் இரண்டாவது கிடங்கின் பட்டியல் ஓடியது. நாலு மணிக்கு அவரே வந்து நின்றார்.

"எவ்வளவு முடிஞ்சிருக்கு?"

"தெரியாது சார். உக்காந்து பாருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். சுனந்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

நாளை அந்த எண்ணிக்கையை மறுபடி போடுவேன். யாரையும் கேட்கப் போவதில்லை.