ராசாங்கம் வீட்டு ஜப்தி

ஆடி 7, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். எழுத்து தெரியாதவன் நான். போனில் மெல்லப் பேசினால் அதுவே எழுதி வைத்துக்கொள்கிறது.

உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போய் வந்தேன். ஜப்தி வாரண்ட் கிடைத்துவிட்டது. ஜப்தி செய்ய வரும் கோர்ட் அமீனாவுக்குப் பேட்டா கட்டியாயிற்று. வடை ஒன்று, டீ ஒன்று. வடையில் உப்பே இல்லை.

ராசாங்கம் தோட்டத்துத் திராட்சைப் பந்தல் நான் போட்டது. இருநூற்றுப் பதினாறு கல்தூண். பாக்கி நாற்பத்தெட்டாயிரம். கோர்ட்டில் என்ன சொன்னான்? "கைநாட்டுப் பேர்வழிங்கய்யா. இவருக்குக் கணக்கே தெரியாது." எந்த வரிசையில் எத்தனை தூண், எந்தக் கிழமை ஊன்றியது, எங்கே பாறை தட்டியது, அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டை, எல்லாம் சொன்னேன். தீர்ப்பு எனக்கு. எட்டு மாதமாயிற்று. ஒரு பைசா வரவில்லை.

ஆட்களுக்குக் கூலி கொடுக்க வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தேன். இந்த ஆடிக்குள் மீட்காவிட்டால் வீடு இல்லை. அவன் பந்தய மாட்டுக்குப் பேரீச்சம்பழம் ஊட்டுகிறான்.

ஆடி 9, சனி

டீக்கடையில் காதில் விழுந்தது.

"கூடலூர் ராவுத்தர் திங்கக்கெழம ராசாங்கம் மாட்ட வெல பேச வாராகளாம்."

"எம்புட்டாம்?"

"சோடி அஞ்சு லச்சம் சொல்லியிருக்கான்."

அமீனாவுக்குப் போன் போட்டேன். திங்கள், பத்து மணி. முழங்கால் வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

ஆடி 11, திங்கள்

ஆட்டோவில் அமீனாவைக் கூட்டிப் போனேன். வீடு துடைத்து வைத்த மாதிரி. டிவி இருந்த சுவரில் நாலு ஆணி. பைக் பெரியகுளத்தில், மச்சினன் வீட்டில். ஃபிரிட்ஜ் பெண்டாட்டி சீதனமாம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் ஒன்றுக்குக் கால் இல்லை.

"எடுத்துக்கங்க சார். மேஸ்திரிக்கு ஒக்கார ஆகும்," என்றான். சிரிப்பு வேறு.

தொழுவத்தைக் காட்டினேன். மாடு இரண்டும் எண்ணெய் தடவினது போல் நிற்கிறது.

"அது உழவு மாடு சார். சட்டப்படி தொடக்கூடாது." யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவனுக்கு அவ்வளவு மூளை ஏது.

அமீனா என்னைப் பார்த்தார். "நெசந்தான் பெரியவரே. வெவசாயம் பண்ற சம்சாரியோட உழவு மாட்டுல கை வைக்க முடியாது."

எழுத ஆரம்பித்துவிட்டார். அந்த நேரம் வாசலில் கார். ராவுத்தர் இறங்கி வந்தார். ராசாங்கம் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நான் சொன்னேன்: "சார், எனக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதுனீகன்னு சத்தமா வாசிச்சுக் காட்டுங்க."

வாசித்தார். மாடு இரண்டும் உழவு மாடு, பந்தயத்துக்கு விடுவதில்லை, ஏர் பூட்டவே வைத்திருப்பதாக உடையவர் சொல்கிறார் என்று.

ராவுத்தர் நின்றுவிட்டார். "என்னப்பா ராசாங்கம், ஏர் மாட்டுக்கா எங்கிட்ட அஞ்சு லச்சம் சொன்ன?"

"ஐயோ மொதலாளி, அது சும்மா கோர்ட்டுக்காக..."

"கோர்ட்டுக்காகவா?" அமீனா கண்ணாடியைக் கழற்றினார்.

வேலிப் பக்கமிருந்து ஒரு குரல்: "சின்னமனூர் பந்தயத்துல ரெண்டாவதா வந்தது உழவு மாடாம்ல! அப்ப மூணாவதா வந்தது கறவ மாடாப்பா?"

அவனுக்குத் தாங்கவில்லை. வீட்டைப் பற்றிச் சொல், பெண்டாட்டியைப் பற்றிச் சொல், பொறுப்பான். மாட்டைச் சொன்னால் போச்சு. "எழுதுனத அடிச்சிருங்க சார்! எம் மாடு ஏரத் தொட்டதே கெடையாது. பந்தய மாடு. எழுதுங்க, பந்தய மாடு!"

"அப்ப ஜப்தி."

பிறகு அரைமணி நேரம் கெஞ்சல், என்னிடம் இல்லை, ராவுத்தரிடம். "கோர்ட்டு வரைக்கும் போன மாடு. அம்பதாயிரம் கொறச்சுக்கிருவேன்," என்றார் அவர். தலையாட்டினான். ராவுத்தர் கொடுத்த அச்சாரப் பணத்திலிருந்து பாக்கியும் செலவும் எண்ணி அமீனா கையில் கொடுத்தான்.

"யோவ், இப்பத் திருப்தியா?"

"ரசீது இன்னும் வாசிக்கலையேப்பா," என்றேன்.

ஆடி 22, வெள்ளி

கோர்ட்டில் பணம் வாங்கினேன். நேரே அடகுக்காரனிடம். பத்திரம் கையில். தகரப் பெட்டி, அடித் துணிக்குக் கீழே. தைலம் வாங்கினேன். மாடு லாரியில் ஏறும்போது ராசாங்கம் அழுதானாம். என் ஆட்கள் நாலு பேர் கூலிக்கு நடையாய் நடந்தபோது அந்தக் கண்ணீர் எங்கே போயிருந்தது?

ஆடி 23, சனி

விடிந்தும் விடியாமல் ராசாங்கம் பெண்டாட்டி வந்தாள். மேற்கு மூலையில் பந்தல் கம்பி அறுந்து தொங்குகிறதாம், காயோடு. கம்பி அவன் வாங்கினது, மட்டக் கம்பி.

"வேற ஆளு கூப்புட்டா ஒருத்தரும் வரமாட்டேங்குறாக அண்ணே. காசு தரமாட்டாருன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்றாக."

"அவனே வந்து கேக்கட்டும் ஆத்தா. முழுக் கூலியும் முன்னால."

போய்விட்டாள். இப்போது வாசலில் செருமல் சத்தம். அவன்தான். நிற்கட்டும். நான் இன்னும் பல்லே விளக்கவில்லை.